எதிரி என்னும் சொல்



இக் கருத்தரங்கின் தலைமையுரையை, நம் நியாயஸ்தலங்களின் தமிழில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்க விரும்புகிறேன். குற்றம் சாட்டப்பட்டவரை நாம் ‘எதிரி’ என்கிறோம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண் கொடுத்துத் தீர்ப்பிலும் எழுதுகிறோம். வழக்கில் எதிரே நிற்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். தெருவிலோ அச்சொல்லுக்குப் பகைவன் என்பதன்றி வேறு பொருள் இல்லை. எதிரே நிற்பவரைப் பகைவராகவே கருதும் மனப்பான்மை சட்டத்துக்குள்ளும் குடிபுகுந்தால் என்ன நேரும் என்பதை அறிய, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தைப் புரட்டினாலே போதும்.

போதையின் கொடுமையை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். அதற்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரை நேரில் கண்டவன் நான். அந்தத் தாய்மாரின் பெயரால் விதிக்கப்படும் தண்டனை உரியவர்மேல் விழவேண்டும் என்பதே என் கவலை.

சிறு குற்றத்துக்கும் பெருங்குற்றத்துக்கும் ஏற்ப தண்டனை அமையவேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு 2001இல் ஒரு திருத்தம் வந்து, பிடிபட்ட பொருளைச் சிறு அளவு, வணிக அளவு, இடைப்பட்ட அளவு என மூன்றாக வகுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. சரியாக 20 கிலோ வைத்திருந்தவருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம் என்றாலும், அவருடைய வயதையும் வறுமையையும், கூலிக்குச் சுமந்தாரா சொந்த வியாபாரமா என்பதையும் எண்ணிப்பார்த்து, ஓராண்டோ ஈராண்டோ போதும் என்று முடிவுசெய்ய நீதிபதிக்கு இடமுண்டு. அதே மனிதரிடம் இன்னும் 100 கிராம் கூடுதலாக இருந்துவிட்டால், பத்தாண்டுக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கும் குறைந்த தண்டனையை விதிக்க அந்த நீதிபதிக்கு அதிகாரமே இல்லை. ஒரு வாழைப்பழத்தின் எடை நீதிபதியின் விவேகத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது!

அப்படியானால் அந்தத் தராசைப் பற்றி எவ்வளவு சிரத்தையோடு விசாரிக்க வேண்டும்! சட்டத்தின் வரையறைப்படி பூவும் காயும் பிடித்த நுனியே கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகமாட்டா. சாக்கை நீக்கி எடைபோட்டார்களா, தண்டைப் பிரித்தார்களா, ஈரம் எவ்வளவு இருந்தது என்பவற்றுக்கெல்லாம், பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் பல சமயம் ஒரு வரிகூட இருப்பதில்லை. ஹெராயின் போன்றவற்றிலோ, கலப்படமாகச் சேர்ந்த பொருளையும் உட்படுத்தி மொத்த எடையையே கொள்ளவேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பை வணங்கி ஏற்கிறேன். ஆயினும் கலந்த மாவுக்கும் சேர்த்து ஒருவன் சிறையிருப்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது.

வணிக அளவு என்று எழுதப்பட்டவுடன், 1989இல் திருத்தி எழுதப்பட்ட 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ஜாமீன் கேட்பவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என்று, ஒரு சாட்சியும் கூண்டேறாத கட்டத்திலேயே நீதிபதி திருப்தியடைய வேண்டுமாம். இவ்விதம் அடைபட்டுக் கிடந்த விசாரணைக் கைதிகளுக்காக 1994இல் உச்ச நீதிமன்றம் இரங்கியபோது, பத்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனைக்குரிய வழக்குகளில் அது காட்டிய சலுகை, ஐந்தாண்டு சிறையில் கழித்தவரை நிபந்தனைகளோடு ஜாமீனில் விடலாம் என்பதே. தீர்ப்புக்கு முன்னே ஐந்தாண்டு! விடுதலையாகக் கூடியவருக்கும் அதே ஐந்தாண்டு.

இனி வாக்குமூலத்துக்கு வருகிறேன். 1855இல் சென்னை ராஜதானியின் சித்திரவதைக் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. வரிப்பாக்கிக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் நம் குடியானவர்களின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்ததையும், உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் அது பதிவுசெய்தது. கிட்டி என்னும் நம் தமிழ்ச் சொல் ஆங்கில அரசாங்க ஏட்டில் ஏறியது அந்தக் கதியில்தான். போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலை, அதைச் செய்தவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்ற விதி 1861ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைத்தது. இத்தனை துன்பத்தின் பின் பெற்ற அந்தப் பாதுகாப்பு, போதைப்பொருள் வழக்கில் புலனாய்வு செய்யும் மத்திய அதிகாரிகள் ‘போலீஸ் அதிகாரிகள்’ அல்லர் என்ற வியாக்கியானத்தினால் நெடுங்காலம் பயனற்றுப் போயிற்று. போதைப்பொருள் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் அவர்கள் எழுதி வாங்கிய தாளே எத்தனையோ பேரைச் சிறைக்கு அனுப்பப் போதுமானதாயிற்று. சித்திரவதைக் கமிஷன் கூடிய இதே மண்ணிலிருந்து சென்ற தோபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில்தான், 2020 அக்டோபர் 29 அன்று, நீதிபதி நாரிமன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அவர்களும் போலீஸ் அதிகாரிகளே என்று கூறி அந்த வாசலை அடைத்தது. மூவரில் ஒருவர் மாறுபட்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது. வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதே போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி அமைகிறேன். உடம்பைச் சோதிக்குமுன், கெஜட்டில் பதிவுபெற்ற அதிகாரியின் முன்போ மாஜிஸ்திரேட்டின் முன்போ சோதிக்கப்படும் உரிமை உமக்கு உண்டு என்று தெரிவித்தே ஆகவேண்டும் என 1999இல் அரசியலமைப்பு அமர்வு விதித்தது. நான் வழக்காடிய காலத்தில், ஒடியா தவிர வேறு மொழி அறியாத ஓர் இளைஞருக்காக ஆஜரானேன். அவ்வுரிமை எனக்கு வேண்டாம் என்று அவர் கூறியதாக அழகான தமிழில் ஒரு கடிதம் இருந்தது. அதன் கீழே அவருடைய கைந்நாட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று மொழிபெயர்ப்பாளர் மூலம் நான் சொல்லும் வரையில் அவருக்குத் தெரியாது.

காலை அமர்வில் மகஜர்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் வாசிக்கப்பட இருக்கின்றன. தீர்ப்புகளை மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்திவிடாமல், எந்தத் தராசில் யார் எடைபோட்டார், உரிமைக் கடிதம் எந்த மொழியில் இருந்தது, அதைப் படித்துக் காட்டியவர் யார் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் குறித்துக் காட்டும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையை வாசிக்க அழைக்கிறேன்.