மானும் என் பென்சிலும்



தமிழ் கற்பிப்பவளுக்கு ஓவியத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் முறையாகப் பயின்றவள் அல்லேன். ஆயினும், ஆட்சியைத் தொழிலாகக் கொண்ட முதலாம் மகேந்திரவர்மன், ‘சித்திரகாரப்புலி’ என்று தனக்கே விருது சூட்டிக்கொண்டான்! அவன் தீட்டியதென்று உறுதியாகச் சுட்டத்தக்க ஓவியம் ஒன்றும் இன்று இல்லை என்பது வேறு. அத்துணிவில் நானும் விடுமுறை நாள்களில் பென்சிலோடு மாமல்லபுரம் செல்வதுண்டு.

‘அருச்சுனன் தபசு’ சிற்பத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அதனை வரைய முற்பட்டேன். கால் அமைந்தால் கழுத்துப் பொருந்தவில்லை. கழுத்தைத் திருத்தினால் முதுகு கெட்டது. ரப்பர் தேய்ந்ததேயொழிய மான் வரவில்லை. அதற்கு முன் எத்தனையோ முறை மாணவியரை அங்கே அழைத்துச் சென்று, தவம் செய்பவன் அருச்சுனனா பகீரதனா என்று விரிவுரை ஆற்றியிருக்கிறேன். அந்நாள்களில் மானை நான் பார்த்ததே இல்லை என்பது அன்றுதான் விளங்கிற்று. வெட்கமாக இருந்தது.

தாளை மடித்துக்கொண்டு தெற்கே நடந்தேன். அங்கு அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கி இடையில் விட்ட மற்றொரு பாறை உண்டு. பயணியர் பெரும்பாலும் அதனருகில் நிற்பதில்லை. நான் நெடுநேரம் நின்றேன். உருவம் பாதி, பாறை பாதி. என் கையில் ரப்பர் இருந்தது. அந்தச் சிற்பிக்கு அது இல்லை.

சென்ற மாதம் மீண்டும் அந்த மானை வரைந்தேன். கால் ஓரளவு அமைந்துவிட்டது. காதுதான் இன்னும் வரவில்லை.