எந்த நூலை வாங்குவது?



புனே நகரிலிருந்து லோணாவ்லா செல்லும் புறநகர் ரயிலில் இடையே தேஹு ரோடு என்றொரு நிலையம் உண்டு. படைத்துறைக் கிடங்குகளை ஒட்டி வளர்ந்த ஊர் அது. பிழைப்பை நாடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தலைமுறைகளாக வேரூன்றியிருக்கின்றன. அவ்வூர்த் தந்தையார் ஒருவர் அண்மையில் எம்மை நாடி வந்தார். அவருடைய மகள் கல்லூரியில் செய்தித் தொடர்புப் பொறியியல் பயில்கிறாள். “ஆளுக்கொரு புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார்கள், ஐயா. இந்த மாதம் ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது?” என்று வினவினார். இவ்வினா தேஹு ரோட்டிற்கு மட்டும் உரியதன்று. பிலாயிலும் ஜாம்ஷெட்பூரிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் இல்லங்களிலும் எழுவதே. ஆதலின் அதனை இன்று நாம் சேர்ந்து ஆராய்வோம்.

புகழ் மிக்க நூலே சிறந்த பாடநூல் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் அவ்வெண்ணம் நம்மைப் பல வேளைகளில் ஏமாற்றிவிடும். எடுத்துக்காட்டு ஒன்று அதே ரயில் பாதையிலேயே கிடைக்கிறது. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் அவர்கள், லோணாவ்லாவிலுள்ள கடற்படைப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். பல ஏரியல்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல செய்தி ஓடைகளை அனுப்பும் முறையை 1992-ஆம் ஆண்டில் வகுத்தவர் அவர். இன்றைய கைபேசிகளிலும் வைஃபை கருவிகளிலும் அம்முறை பயன்படுகிறது. 2014-இல் மார்க்கோனி பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. அத்துறை பற்றி அவர் மற்றிருவருடன் சேர்ந்து எழுதிய நூல் 2003-இல் வெளிவந்தது. தமிழர் எழுதிய நூல் என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அதனை இளங்கலை மாணவியின் கையில் முதல் நூலாகக் கொடுப்பது, அரிச்சுவடி பயிலும் குழந்தையிடம் தொல்காப்பிய உரையைக் கொடுப்பதை ஒக்கும். பெருமை வேறு, பாடநூல் வேறு.

இனி, மாணவர்கள் பெரிதும் கேள்விப்படும் நூல்கள் சிலவற்றைப் பார்ப்போம். டெர்மன் எழுதிய ‘ரேடியோ எஞ்சினீயரிங்’ 1932-இல் வந்த பெருநூல். அதில் வரும் வால்வுகளின் காலம் கடந்துவிட்டமையால், இன்று அது துணை நூலாக மட்டுமே பயன்படும். கென்னடியின் நூல் கருவிகளையும் மின்சுற்றுகளையும் முன்னிறுத்துவது, கணிதம் குறைவு. ஹேக்கின் நூல் கணித நெறியில் செல்வது. 1983-இல் வெளிவந்த புரோக்கிஸ் நூல், நிகழ்தகவுக் கணிதத்தில் நன்கு தேர்ந்த பின்னர் மேற்படிப்பில் தொடவேண்டியது. அதே 1983-இல் வந்தது பி. பி. லாத்தியின் நூல். மராட்டிய மண்ணில் பிறந்து, அமெரிக்காவில் ஆசிரியப் பணி புரிந்தவர் அவர். கணிதச் சமன்பாட்டின் உட்பொருளைப் படங்களாலும் சொற்களாலும் விளக்கிய பின்னரே மேலே செல்வது அவர் வழக்கம்.

இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. எந்த நூலின் முதற்படி, மாணவர் இப்போது நிற்கும் இடத்திலிருந்து எட்டும் உயரத்தில் இருக்கிறது என்பதே கேட்கத்தக்கது. அதனை அறியச் சோதனை ஒன்று உண்டு.

தொலைபேசிக் குரலை எண்களாக மாற்றும்போது, அதிலிருந்து வினாடிக்கு 8,000 கூறுகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கூறும் 8 பிட்டுகளாகக் குறிக்கப்பட, வினாடிக்கு 64,000 பிட்டுகள் ஆகின்றன. தொலைபேசியில் செல்லும் குரலின் அதிர்வெண் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. உச்ச அதிர்வெண்ணின் இருமடங்கிற்குக் குறையாமல் கூறெடுக்க வேண்டும் என்பது விதி. அங்ஙனமாயின் 6,800 போதுமே, 8,000 எதற்கு? இவ்வினாவை மனத்திற் கொண்டு, கூறெடுத்தலைப் பற்றிய அதிகாரத்தை ஒவ்வொரு நூலிலும் படித்துப் பார்க்க வேண்டும்.

நல்ல பாடநூல் விதியைச் சொல்வதோடு நில்லாது. கூறுகள் குறைந்தால், திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுகிறதே, அத்தகைய மயக்கம் குரலிலும் நேரும் என்பதை விளக்கும். எந்த வடிகட்டியும் கத்தியால் வெட்டினாற்போல் 3,400-இல் அலைகளை அறுத்துவிடாது. ஆதலின் சற்று இடைவெளி விட வேண்டியிருக்கிறது என்பதையும் காட்டும். அவ்விளக்கத்தை மாணவர் இருமுறை படித்துத் தாமே பின்தொடர முடிந்தால், அந்நூல் அவருக்கு ஏற்றது. முடியவில்லையாயின் அறிவு குறைந்தவர் என்பது பொருளன்று. இடையே ஒரு படி விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஃபூரியர் கணிதமாக இருக்கும். அப்படியைத் தன் முதல் அதிகாரங்களிலேயே கட்டித்தரும் நூலைத் தேடவேண்டும். தீர்த்துக் காட்டிய கணக்குகளும், அதிகார இறுதியில் பயிற்சிகளும் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இச்சோதனைக்குச் செலவில்லை. கல்லூரி நூலகத்தில் ஒரு பிற்பகல் போதும். பின்னர் புனேயின் அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளில் பழைய பிரதியாகவே வாங்கலாம். அடிப்படைக் கணிதம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை.

வாங்கிய நூலை அலமாரிக்கு அணியாக்காமல், பென்சிலும் தாளுமாகப் பயில வேண்டும். பள்ளியில் மராத்தியும் இந்தியும், கல்லூரியில் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் வழங்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். வெளி மாநிலத்தில் அது ஒரு சுமையென்று சிலர் கருதுவர்; அதனையே உரைகல்லாகக் கொள்ளலாம் என்பது எமது கருத்து. ஓர் அதிகாரம் முடிந்ததும், கற்றதைத் தாயாரிடம் வீட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். கலைச்சொல் இல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டால், பாடம் மகளுக்கும் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். தடுமாறினால், அந்தப் பக்கத்திற்கே திரும்பவேண்டும்.

அத்தந்தையாருக்கு நாம் நூலின் பெயர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. “முதலில் மகளை நூலகத்திற்கு அனுப்புங்கள், பெயரை அவளே சொல்வாள்” என்றோம். சற்று ஏமாற்றத்துடனேயே விடைபெற்றார். இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் வந்து, “லாத்தி என்கிறாள். ஏன் என்று கேட்டேன்; சக்கரம் பின்னால் சுழல்வதைப் பற்றி அரைமணி நேரம் எனக்குப் பாடம் நடத்திவிட்டாள்” என்று கூறி நகைத்தார்.

அந்தச் சிரிப்பு உங்கள் இல்லங்களிலும் ஒலிக்கட்டும்.