மறதி என்று ஒதுக்கும் முன், காதையும் மாத்திரைப் பையையும் பாருங்கள்

(சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில், நம் குடியிருப்பில் வசிக்கும் பொதுநல மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மூளை நலம் பற்றிப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டபோது, “வாட்ஸ்அப்பில் வல்லாரை, பாதாம் என்று தினமும் வருகிறதே சார், அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்றார். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பாதாம் நல்ல பண்டம், சாப்பிடுங்கள். ஆனால் அதனால் போன ஞாபகம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சுடோகுவும் அப்படித்தான். போடப் போட சுடோகு நன்றாக வரும்.

லிஃப்டில் என்னைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர், “டாக்டர், மறதி ஜாஸ்தியாகிவிட்டது” என்கிறீர்கள். உங்கள் வீட்டில் காலை எட்டு மணியை நினைத்துப் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கிறது. டெலிவரிக்காரரை உள்ளே விடலாமா என்று கேட்டிலிருந்து போன். சிலிண்டர் கொண்டுவந்தவர் ஓடிபி கேட்கிறார். பேத்தியின் பள்ளிக் குழுவில் ஏதோ அவசரச் செய்தி. இதற்கு நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் மூளை அதைப் பதிவே செய்யவில்லை. பதியாததைப் பிறகு தேடினால் எப்படிக் கிடைக்கும்? இது நோய் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வைத்துக்கொண்டாலே பாதி சரியாகும். போனில் யாராவது “உடனே செய்யுங்கள், லைனைத் துண்டிக்காதீர்கள்” என்று அவசரப்படுத்தினால், துண்டித்துவிடுங்கள். யோசிக்க விடாமல் செய்வதுதான் மோசடிக்காரர்களின் தொழிலே. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி இருக்கும். முப்பது வருடம் ரசம் வைத்தவருக்கு எதற்குப் பிறகு எது என்று தடுமாறுவது, தினமும் போகிற தெருவில் திரும்பி வர வழி தெரியாமல் நிற்பது, வரவு செலவு பார்த்தவருக்குக் கரண்ட் பில் குழப்பமாவது. பெரும்பாலும் இதைக் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான், சம்பந்தப்பட்டவர் அல்ல. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. ஆனால் மறதி என்று சொல்லி அழைத்து வரப்படுகிற எல்லோருக்கும் அந்த நோய் இல்லை. நான் இன்று சொல்ல வந்தது அதைத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் மாமனாரை அழைத்து வந்தார். நம் குடியிருப்பு இல்லை, தேட வேண்டாம். “மாமாவுக்கு எதுவுமே நினைவில் நிற்பதில்லை டாக்டர். சொன்னதையே திரும்பக் கேட்கிறார், சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார்” என்றார். நான் பெரியவரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பெண்ணே பதில் சொன்னார். அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியைப் பெரியவருக்கு எதிரே இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பது முதல் முந்தைய நாள் இரவு என்ன சாப்பிட்டார் என்பது வரை சொன்னார். அவருக்கு மறக்கவில்லை. காதில் விழவில்லை.

“ஏன் வீட்டில் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “ரெண்டு தடவை ‘என்ன’ன்னு கேட்டா முகம் மாறுது சார். அதனால தலையாட்டிட்டுப் போயிடுவேன்” என்றார். வாக்கிங் நண்பர்களுடன் போவதையும் அதே காரணத்தால் நிறுத்தியிருந்தார்.

பேச்சு சரியாகக் கேட்காதபோது, விழுந்த பாதியை வைத்து மீதியை ஊகிக்கவே மூளை முழுச் சக்தியையும் செலவழிக்கிறது. அப்புறம் மனிதர் பேச்சையே தவிர்க்கிறார். தனிமை வருகிறது. 2024இல் லான்செட் ஆணையம், மறதி நோயைத் தூண்டக்கூடிய, ஆனால் நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் உண்டு. அத்தனையையும் சரிசெய்தால் சுமார் 45 சதவீத பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு.

காது கேட்கும் கருவி போட்டால் மறதியே வராதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் கருவியால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்களிலேயே மற்ற ஆபத்துகளும் கூடுதலாக இருந்தவர்களிடம், சிந்தனைத் திறன் குறைகிற வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. அதனால் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஆடியோகிராம் எடுங்கள். கருவி வாங்கினால் பீரோவில் வைக்காதீர்கள். முதல் சில வாரம் மின்விசிறிச் சத்தம்கூட எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: சமையலறையில் நின்றுகொண்டு ஹாலில் இருப்பவரிடம் கத்தாதீர்கள். பக்கத்தில் வந்து பேசுங்கள்.

அடுத்தது மாத்திரை. மெட்பார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்கள், அசிடிட்டி மாத்திரையைத் தினமும் போடுகிறவர்கள், சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு பி12 குறைந்திருக்கும். அதனாலும் மறதி வரும். தைராய்டு குறைவும் மனச்சோர்வும் அப்படியே. தூக்கத்துக்கென்று என்றோ யாரோ எழுதிக் கொடுத்த மாத்திரையை விடாமல் போடுவதும், தூக்கம் வரவழைக்கிற பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் வயதானவர்களின் புத்தியை மந்தமாக்கும். ஆனால் தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரை போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டிய பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் என்னவென்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்தக் கூட்டம் அப்பா அம்மாவுக்கு மட்டுமானதல்ல. 130க்குள் வைத்திருக்கப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. நேற்று வரை நன்றாக இருந்த அம்மா இன்று ஆள் தெரியாமல் பேசுகிறார், இல்லாத ஒருவரைக் கூப்பிடுகிறார் என்றால், “வயசாச்சு” என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் இரண்டு நாளில் வராது. ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு நாள் வாந்தி பேதி ஆனாலே போதும். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ‘காலையில் பார்க்கலாம்’ என்று இருந்துவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் பூங்கா பெஞ்சில் வழக்கமாக உட்காருகிறவர் பத்து நாளாக வரவில்லை என்றால், அவர் வீட்டு மணியை அடித்துப் பாருங்கள். அவர் காரணம் சொல்லாமல் “சும்மாதான்” என்பார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே ஹாலில் பிரஷர் பார்க்கும் கருவியோடு இருப்பேன். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், லேகியம், டானிக் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். டாக்டர் சீட்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பையைக் கொட்டிப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.