புறவாசல் மல்லிகை



குதிரைக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் என்று காயலைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். அந்தத் துறைமுகத்தை ஒட்டிய கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் பாரத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்த ஒரு மூச்சுக்குள் கடனையோ கவலையையோ நினைக்க முடியுமா? கண்ணும் கையும் சிப்பியிலேயே இருக்கும்.

அதே கவனத்தை, அந்தக் கரையில் இருக்கும் காயல்பட்டினத்து வீட்டுப் புறவாசலிலும் பழகலாம். சுபுஹு தொழுகை முடிந்ததும் மல்லிகைச் செடி முன்னால் நின்று பாருங்கள். இன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டு வெள்ளையாகப் பருத்திருக்கும். நாளைக்கு உரியது இன்னும் பச்சை மாறாமல் மெலிந்திருக்கும். வேறு நினைப்பில் பறித்தால் இரண்டும் சேர்ந்து கைக்கு வந்துவிடும்.

கடற்கரை மணல் தண்ணீரை நிறுத்தி வைக்காது. குடத்தோடு கவிழ்த்தால் வேரைத் தாண்டி இறங்கிவிடும். அரிசி கழுவிய தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, மணல் குடிக்கும்வரை காத்து நிற்க வேண்டும். தூரைச் சுற்றிக் காய்ந்த ஓலையைப் பரப்பினால் ஈரம் தங்கும். அப்படிக் காத்து நிற்கிற இரண்டு நிமிஷத்தில் மனம் தானாக அடங்குகிறது. இது நான் அனுபவித்து அறிந்தது.

மனம் அடங்குவதோடு நன்மையும் உண்டு. ஒருவர் நட்ட மரத்தில் பறவை கொத்தித் தின்றாலும் அது நட்டவருக்குத் தர்மம் என்று நபிகள் நாயகம் சொல்லியிருக்கிறார்கள்.

செடி வைக்க இடமில்லையா? ஒரு தொட்டியில் கீரை விதையைத் தூவுங்கள். நாளைக் காலையில் செல்போனை எடுப்பதற்கு முன்னால் அதைப் போய்ப் பாருங்கள்.