பட்டியலும் பதிவேடும்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நூலும் வாசகரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எந்த நூலகத்திலும் எவரும் இரவல் கேட்காத ஏடுகள் இரண்டு உண்டு. ஒன்று நூற்பட்டியல், மற்றொன்று இரவல் பதிவேடு. மக்கள் எதைப் படிக்க வேண்டும் என ஊர்ப் பெரியோர் கருதினர் என்பதைப் பட்டியல் சொல்லும். மக்கள் எதைப் படித்தனர் என்பதைப் பதிவேடு சொல்லும். இவ்விரண்டும் ஒத்துப்போவது அரிது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பொது நூலக வரலாற்றை ஒரு வகையில் இவ்விரு ஏடுகளுக்கும் இடையே நிகழ்ந்த நெடிய வழக்கு எனலாம். எழுதுவோர் நிறைந்த அவையில் அவ்வழக்கைப் பேசுவது பொருத்தமுடையது. வாசகனை நம்புவதா, திருத்துவதா என்னும் வினாவே அதன் உள்ளீடு.

அந்நாட்டில் நூலகங்கள் முதலில் பங்குதாரர்களின் உடைமையாகவே தோன்றின. பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் 1731இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நூலகக் குழுமம் அவ்வகையினது. பங்கு வாங்கியவர் ஆண்டுதோறும் சந்தா செலுத்தி நூல்களை இல்லத்திற்கு எடுத்துச் செல்லலாம். இம்முறை பின்னர்ப் பல நகரங்களுக்கும் பரவியது. சேலம் நகரத்து அத்தீனியம் என்னும் நூலகமும் பங்குதாரர்களுடையதே. இளமையில் நத்தானியல் ஹாதார்ன் அங்கிருந்து பல ஆண்டுகள் நூல்களை இரவல் பெற்றார். நியூ இங்கிலாந்தின் பழைய வரலாறுகளை அவர் எடுத்துப் படித்த செய்தி அந்நூலகத்துப் பதிவேட்டில் வரிவரியாக நிற்கிறது. பிற்காலத்தில் அவர் புனைகதைகளில் உலவிய தூய்மைவாதிகளின் உலகம் எங்கிருந்து திரட்டப்பெற்றது என்பதை ஆய்வாளர் அவ்வேட்டைக் கொண்டே அறிந்தனர். ஆயின், பங்கு வாங்க இயலாத வீட்டில் பிறந்த இளைஞனுக்கு அக்கதவு திறந்திராது.

ஹென்றி டேவிட் தோரோவின் செய்தி இன்னும் சுவையானது. ஹார்வர்டில் பயின்று வெளியேறிய அவர் கான்கார்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். அவருக்கு வேண்டிய நூல்களோ ஹார்வர்டு நூலகத்தில் இருந்தன. பழைய மாணவருள் சமயகுருமார்க்கும், கல்லூரியிலிருந்து பத்து மைல் எல்லைக்குள் வாழ்வோர் சிலர்க்கும் மட்டுமே நூல் தரலாம் என்பது அங்கிருந்த விதி. தோரோ 1849இல் கல்லூரித் தலைவர் ஜேரட் ஸ்பார்க்ஸுக்கு விண்ணப்பம் எழுதினார். எழுத்தையே தொழிலாகக் கொண்டவனும் விதியின் உட்பொருளின்படி குருமார் வகையைச் சேர்ந்தவன்தானே என்று அதில் வாதிட்டார். இருப்புப்பாதை வந்த பின்னர்ப் பழைய தூரக்கணக்கு பொருளற்றுப் போயிற்று என்றும் அவர் சொன்னதாக எமர்சன் எழுதியுள்ளார். அனுமதி கிடைத்தது. ஒரு படைப்பாளி நூல் பெறும் பொருட்டுத் தன் தொழிலைச் சமயப்பணிக்கு நிகரென நிறுவ வேண்டியிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இந்நிலையை மாற்றிய பெருமை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பீட்டர்பரோ என்னும் சிற்றூருக்கு உரியது. 1833இல் ஆபியல் அபட் என்னும் சமயகுருவின் தூண்டுதலால் அவ்வூரார் கூடி, பொதுப்பணத்தின் ஒரு பகுதியை நூலகத்திற்கு ஒதுக்கினர். பங்கு, சந்தா ஆகிய தடைகள் அங்கு விழுந்தன. பள்ளியையும் பாலத்தையும் போல நூலகமும் ஊரார் அனைவரின் பொறுப்பு என்னும் கருத்து செயலுருப் பெற்றது அங்கேதான்.

அக்கருத்தைப் பெருநகர் அளவில் நிறைவேற்றியது பாஸ்டன். 1848இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அதற்கு இசைவு அளித்தது. 1852இல் அறங்காவலர் குழு வெளியிட்ட அறிக்கை நூலக வரலாற்றில் புகழ்பெற்றது. அக்குழுவிலிருந்த இருவரின் கருத்து வேறுபாடு இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. எட்வர்டு எவரெட் முன்னாள் ஆளுநர். ஹார்வர்டின் தலைவராகவும் இருந்தவர். அறிஞர் வந்தமர்ந்து ஆய்வதற்கான கருவூலமாகவே நூலகத்தை அவர் கண்டார். ஜார்ஜ் டிக்னர் ஸ்பானிய இலக்கிய வரலாறு எழுதிய பேரறிஞர். அரிய நூல்களின் அருமை அவரினும் நன்கு அறிந்தவர் அந்நகரில் இருந்திருக்க மாட்டார். எனினும் அவரே எதிர்த்திசையில் வாதிட்டார். மக்கள் விரும்பிக் கேட்கும் புதிய நூல்களைப் பல படிகள் வாங்க வேண்டும்; ஒரே காலத்தில் பலர் படிக்க வேண்டும்; நூல்கள் வீடுகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. படிக்கும் பழக்கம் வேரூன்றினால் சுவை தானே உயரும் என்று அவர் நம்பினார்.

அறிக்கையைப் படித்து நெகிழ்ந்தவர்களுள் ஜோஷுவா பேட்ஸ் ஒருவர். மாசசூசெட்ஸில் பிறந்து, லண்டனில் பெருவணிகராக உயர்ந்தவர். இளமையில் நூல் வாங்கப் பணமின்றிப் புத்தகக் கடையொன்றில் மாலைப்பொழுதுகளில் அமர்ந்து படித்த நினைவு அவரை விட்டு அகலவில்லை. 50,000 டாலர் தர முன்வந்த அவர், நூலகம் எல்லார்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும், நூறு பேருக்குக் குறையாமல் அமர்ந்து படிக்க இடம் வேண்டும் என்று கேட்டார். 1854இல் மேசன் தெருவிலிருந்த பள்ளிக் கட்டடத்தின் அறைகளில் நூலகம் திறக்கப்பெற்றது. 1895இல் காப்ளி சதுக்கத்தில் எழுந்த மாளிகையின் வாயிலில் ‘அனைவர்க்கும் இலவசம்’ என்னும் பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பெற்றன.

கதவு திறந்தது, மக்களும் வந்தனர். ஆனால் அவர்கள் கேட்ட நூல்கள் பெரியோரைத் திடுக்கிடச் செய்தன. வரலாறும் அறிவியலும் அறநூலும் அடுக்கில் உறங்க, நாவல்களே வெளியே சென்றன. பல ஊர்களின் ஆண்டறிக்கைகளில் இரவல் சென்ற நூல்களுள் பாதிக்கும் மேற்பட்டவை புனைகதைகள். சில இடங்களில் அவை முக்கால் பங்கை எட்டின. மக்களின் வரிப்பணத்தில் கேளிக்கை வழங்குவது முறையா என்னும் வினா எழுந்தது. 1876இல் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியபோதே இப்பூசல் சூடேறியிருந்தது.

நூலகர்களும் இரு வகையினராகப் பிரிந்தனர். சிகாகோ நூலகத்தை நடத்திய வில்லியம் பிரடெரிக் பூல், வரி செலுத்தும் மக்கள் விரும்புவதை மறுக்க நூலகருக்கு உரிமையில்லை என்றும், கதையில் தொடங்கும் வாசகர் கதையிலேயே நின்றுவிடுவதில்லை என்றும் எழுதினார். பாஸ்டனில் ஜஸ்டின் வின்சர் நடுவழி ஒன்றைக் கண்டார். வரலாற்று நாவல்களைக் கால வரிசையில் அடுக்கிப் பட்டியல் வெளியிட்டு, கதை வாசகரை வரலாற்றின் பக்கம் மெல்ல நகர்த்த முயன்றார். வேறு சிலர் விதிகளை நாடினர். 1890களில் ஒருவர் ஒரே வேளையில் இரண்டு நூல்கள் எடுக்கலாம், ஆனால் அவற்றுள் ஒன்றே நாவலாக இருக்கலாம் என்னும் முறை பரவியது. இரண்டாவது நூலை எத்தனை பேர் பிரித்துப் பார்த்தனர் என்பதைப் பதிவேடு சொல்லாது.

திருத்த முனைந்தவர்கள் சில வேளைகளில் எவ்வளவு தவறினர் என்பதற்குக் கான்கார்டு சான்று. தோரோ நூலுக்காக மன்றாடிய அதே ஊரில் 1873இல் பொது நூலகம் திறக்கப்பெற்றது. 1885இல் அந்நூலகத்தின் குழு மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை, அதன் கொச்சை மொழியையும் முரட்டுத்தன்மையையும் காட்டி விலக்கி வைத்தது. எந்தப் பேச்சுமொழியை அவர்கள் இழிவெனக் கருதினரோ, அதுவே அமெரிக்க உரைநடைக்குப் புதுக்குருதி பாய்ச்சியது என்று பின்னோர் மதிப்பிட்டனர்.

நூல் பெறும் முறையும் எளிதாக இல்லை. பெரும்பாலான நூலகங்களில் வாசகர் அடுக்கை நெருங்க இயலாது. அச்சிட்ட பட்டியலில் எண்ணைத் தேடிச் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும். பணியாளர் எடுத்து வருவார். அதன் பின்னரே பதிவேட்டில் வரவு எழுதப்பெறும். ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் மினர்வா சாண்டர்ஸ் அம்மையார் அடுக்குகளைத் திறந்துவிட்டதோடு, சிறுவர்க்கும் இடமளித்தார். கிளீவ்லாந்தில் வில்லியம் ஹோவர்டு பிரெட் 1890இல் அதனைப் பெருநகர் அளவில் செய்தார். நூல்கள் களவு போகும் என அஞ்சியோர் பலர். நூலைத் தொட்டுப் புரட்டித் தேர்வதும் படிப்பின் ஒரு கூறு என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

இனி, பதிவேட்டின் சாட்சியம். இந்தியானா மாநிலத்தில் மன்சி என்னும் தொழில் நகரம் உண்டு. 1890இல் அதன் மக்கள் தொகை சுமார் 11,000. பத்தாண்டில் அது ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அந்நகரத்துப் பொது நூலகத்தின் பழைய இரவல் பதிவேடுகளை 2003இல் பேராசிரியர் பிராங்க் ஃபெல்சென்ஸ்டைன் கண்டெடுத்தார். 1891 நவம்பர் முதல் 1902 டிசம்பர் வரை, இடையில் ஒரு விடுபாடு நீங்கலாக, யார், எந்நாளில், எந்த நூலை எடுத்தனர் என்பது அவற்றில் உள்ளது. ஏறத்தாழ 1,75,000 இரவல்கள். குடிக்கணக்கோடு ஒப்பிட்டு, வாசகரின் அகவையும் தொழிலும்கூட அறியப்பெற்றன. தொழிலாளர் வீட்டுப் பிள்ளையும் செல்வர் வீட்டு மங்கையும் ஒரே நூலை அடுத்தடுத்து எடுத்துச் சென்றதை அவ்வேடுகளில் காணலாம்.

அங்கு மிகுதியாக இரவல் சென்ற ஆசிரியர் ஹொரேஷியோ ஆல்ஜர். ஏழைச் சிறுவன் உழைப்பாலும் நேர்மையாலும் உயர்வதைப் பாடும் கதைகளை எழுதிக் குவித்தவர். அவற்றைத் தரமற்றவை எனச் சில நூலகங்கள் நீக்கியதும் உண்டு. திறனாய்வுத் தராசில் அவை எடை குறைந்தவையே. ஆயினும் ஆலைப் புகைக்கு நடுவே வளர்ந்த சிறுவர் அவற்றில் எதையோ கண்டு மீண்டும் மீண்டும் நூலகப் படியேறினர். அந்தப் படியேற்றத்தைப் பட்டியல் அறியாது, பதிவேடு அறியும்.

பதிவேட்டிலும் இடம்பெறாத பெயர்கள் உண்டு என்பதை மறத்தலாகாது. தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. வடக்கிலும் கறுப்பின மக்கள் தமக்கெனத் தாமே நூலகம் அமைக்க வேண்டியிருந்தது. பீட்டர்பரோ நூலகம் பிறந்த அதே 1833இல் பிலடெல்பியாவில் அவர்கள் தங்கள் சந்தாப் பணத்தில் ஒரு நூலகக் குழுமம் கண்டு, அங்கேயே விவாத அரங்கும் நடத்தினர். தென்பகுதியில் லூயிவில் நகரில் அம்மக்களுக்கெனக் கிளை நூலகம் திறக்கப்பெற்றது 1905இல்தான். அதனை நடத்தியவர் தாமஸ் ஃபவுண்டன் புளூ என்னும் கறுப்பின நூலகர். ‘அனைவர்க்கும்’ என்னும் சொல்லைக் கல்லில் பொறிப்பது எளிது. அதற்கு முழுப்பொருள் காண நெடுங்காலம் ஆகும்.

நூலகத்தை ஊரார் வரியால் தாங்க வேண்டும் என்னும் கொள்கை தமிழ் மண்ணுக்கும் அந்நியமன்று. நூல்கள் பயன்பாட்டிற்கே என்று 1931இல் முதல் விதி வகுத்த எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. நூலக வரியும் வந்தது. பீட்டர்பரோவின் ஊர்க்கூட்டம் எடுத்த முடிவும் இதுவும் ஒரே நெறியின.

இலக்கிய வட்டம் ஒன்று தன் பத்தாண்டுப் பணியை எண்ணிப் பார்க்கும் வேளையில் நல்ல பட்டியல்கள் பல கண்முன் நிற்கும்: நடத்திய கூட்டங்கள், வெளியிட்ட தொகுதிகள், பாராட்டிய கவிஞர்கள். அவற்றோடு, எழுதப்பெறாத பதிவேடு ஒன்றும் உண்டு. எந்த வரி எந்த வீட்டிற்குச் சென்றது, எந்த இளைஞன் எந்தக் கவிதையை மடியில் கட்டிக்கொண்டு போனான் என்பதை அது மட்டுமே அறியும். டிக்னர் அறிஞராக இருந்தும் அந்தப் பதிவேட்டின் பக்கம் நின்றார். நூலைக் காப்பதினும் அதனை நம்பிக் கையில் கொடுப்பது பெரிது என்பது அவர் விட்டுச்சென்ற பாடம். எழுதுவோரும் அப்பாடத்தை ஏற்பாராயின், வாசகன் தேடி வரும் படிகள் தேய்ந்துகொண்டே இருக்கும்.