தேக்கரண்டியும் தராசும்



ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம் என்று ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன். அது தண்ணீருக்கே பொருந்தும் என்று சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் ஒரு மாணவன், 5 மில்லிலிட்டர்த் தேக்கரண்டி உப்பும் 5 கிராமே என்று கணக்கிட்டு வந்தான். பிழை என்னுடையது.

தராசில் இட்டுப் பார்த்தோம். தலைதட்டி அளந்த ஒரு தேக்கரண்டித் தூளுப்பு ஏறத்தாழ 6 கிராம்; சர்க்கரையோ 4 கிராமே. கல்லுப்பாயின், கற்களின் இடையே காற்று நிற்பதால் நிறை மீண்டும் மாறும்.

இதனால் என்ன கேடு என்பீர்கள். வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு, மருந்துப் பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் அரைத் தேக்கரண்டித் தூளுப்பும் 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் கரைத்துத் தருகிறோம். அரைத் தேக்கரண்டி என்பது 3 கிராம். ஆகவே உப்பின் செறிவு லிட்டருக்கு 3 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்த பொட்டலத்தில் 2.6 கிராம், கரண்டிக் கணக்கு அதனை ஒட்டியே நிற்கிறது.

அதே உப்பை 200 மில்லிலிட்டர் டம்ளரில் இட்டால்? 3-ஐ 0.2-ஆல் வகுங்கள். லிட்டருக்கு 15 கிராம், ஐந்து மடங்கு! அக்கரைசல் குழந்தையின் உடல்நீரையே உறிஞ்சத் தொடங்கும்.

உங்கள் வீட்டு டம்ளர் எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும்? இன்றிரவே அளந்து பாருங்கள். டம்ளர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.