வாயில்லாச் சீவனின் வயிறு

நட்புக்கு நாயை உவமை காட்டும் பாட்டொன்று நாலடியாரில் உண்டு. வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பிலே தைத்து நிற்கும் வேளையிலும் அவனைக் கண்டு வாலாட்டும் பிராணி நாய் என்பது அப்பாட்டின் கருத்து. இக்காலத்திலே தாம் வளர்க்கும் நாயின்மீது வேலெறிவார் எவருமிலர். ஆயினும், அன்போடு வைக்கப்படும் சோறே சில நாய்களின் வயிற்றில் வேலாகத் தைத்துவிடுகின்றது. அப்பொழுதும் நாய் வாலையே ஆட்டுகின்றது. வைத்ததை மறுக்காமல் உண்டும் விடுகின்றது. ஆகையால், எளிதிற் குழம்பும் வயிற்றையுடைய நாய்க்கு வீட்டிலே எவ்வாறு உணவு ஆக்குவது என்பதை நாய் வளர்ப்போர் அறிந்திருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே ஒரு வீட்டை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவ்வீட்டில் ஓர் ஆச்சி. பள்ளிக்கூடத்திற் படிக்கும் பேரன். வீரன் என்னும் மூன்று வயது நாய். வீரனுக்கு அடிக்கடி வயிறு குழம்பும். சில நாள் உண்டதைக் கக்கிவிடும். சில நாள் கழிச்சல். கறியின் உறைப்புத்தான் இதற்குக் காரணமென்று ஆச்சி கருதினார். அன்று முதல் கறியை நிறுத்திச் சோற்றுக்குச் சொதியை வார்த்தார். உடம்பு தேறட்டும் என்று காலையிலே ஒரு சட்டி பசுப்பாலும் வைத்தார். அதற்கும் குணம் காணாதபோது, வீட்டிலுள்ளோரின் வயிற்றுக் கோளாற்றுக்குத் தாம் வழக்கமாகச் செய்யும் கைமருந்தை நினைத்து, உள்ளி நிறையப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். இவற்றுள் ஒன்றேனும் அன்பின்றிச் செய்யப்பட்டதன்று. ஆனால், வீரன் நாளுக்கு நாள் மெலிந்தது. படலையடியில் ஆளரவம் கேட்டால் ஓடிச்சென்று குரைக்கும் நாய், கிடந்த இடத்திற் கிடந்தவாறே தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தது.

மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றபோது, அவர் முதலில் வீரனின் உதட்டை விலக்கிப் பல் முரசைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய முரசு வெளிறிப்போயிருந்தது.

"ஆச்சி, நாய்க்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?"

"உறைப்பொன்றும் இல்லைத் தம்பி. வெறும் சொதியும் சோறுந்தான்."

"சொதிக்கு என்ன போடுவீர்கள்?"

"வேறென்ன, வெண்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், தேங்காய்ப்பால்..."

ஆச்சி சொல்லி முடிப்பதற்குள் வைத்தியருக்கு விடை கிடைத்துவிட்டது.

மனிதருக்கு மென்மையான உணவு நாய்க்கும் மென்மையாகவே இருக்கும் என்று எண்ணுவதே இங்கு நேர்ந்த பிழை. வெண்காயம், உள்ளி, லீக்ஸ் ஆகியன ஓர் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றிலுள்ள சில பொருள்கள் நாயின் குருதியிலுள்ள செங்குழியங்களைச் சிதைக்கின்றன. அவித்தாலும் வதக்கினாலும் அத்தன்மை நீங்குவதில்லை. தீங்கு உடனே வெளிப்படுவதுமில்லை. சில நாட்கள் சென்ற பின்னரே சோர்வும் வெளிறலும் தோன்றும். எப்போதோ தவறி உண்ட சிறு துண்டொன்றைக் காட்டிலும், நாள்தோறும் சோற்றோடு சேரும் வெண்காயமே பெரிதும் அஞ்சத்தக்கது. தேங்காய்ப்பாலிலோ கொழுப்பு மிகுதி. கொழுப்பு மிகுந்த உணவு வயிற்றைக் குழப்புவதோடு, சில நாய்களுக்குச் சதையியில் அழற்சியையும் உண்டாக்கும். அது உயிருக்கே ஆபத்தாக முடிதலுங் கூடும். பசுப்பாலின் குறை வேறு. பாலிலுள்ள இலக்டோசு என்னும் வெல்லத்தைச் செரிக்கும் ஆற்றல் குட்டிப் பருவம் கழிந்தபின் நாய்களுக்குக் குறைந்துவிடுகின்றது. செரியாத வெல்லம் குடலிலே நீரை இழுத்துக் கழிச்சலை வளர்க்கின்றது. ஆச்சி கொடுத்த மூன்று மருந்துகளும் நோயை வளர்த்த விதம் இதுவே.

அப்படியாயின் நாய்க்குச் சோறே ஆகாதோ என்று சிலர் ஐயுறலாம். அந்த அச்சத்துக்கு இடமில்லை. நாய் ஓநாயின் வழித்தோன்றலாயினும், மனிதனோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் அதன் உடம்பும் மாறியது. மாப்பொருளைச் செரிக்கும் நொதியத்துக்குரிய மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரையான பிரதிகள் காணப்படுவதாக, 2013ஆம் ஆண்டில் வெளியான சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளரின் ஆய்வு காட்டியது. மனிதனின் உலையடியிலே கிடந்த பிராணி, அவனுடைய தானியத்தையும் உண்ணக் கற்றுக்கொண்டது. எனவே, தீங்கு சோற்றிலன்று. சோற்றின்மேல் வார்க்கப்படுவதிலேயே உள்ளது.

வயிறு குழம்பிய நாய்க்கு வைத்தியர்கள் பொதுவாகக் கூறும் உணவு மிக எளியது. தோலும் கொழுப்பும் நீக்கிய கோழியிறைச்சியை வெறும் நீரில் நன்றாக அவித்தல் வேண்டும். எலும்பு ஒரு துண்டேனும் இருத்தலாகாது. அவித்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழித்துவிடும். அவித்த நீரை ஆறவைத்தால் கொழுப்பு மேலே படியும். அதனை வழித்து எறிந்துவிடலாம். வெள்ளைப் பச்சையரிசியைத் தண்ணீர் சற்றுக் கூடுதலாக விட்டுக் குழையக் காய்ச்ச வேண்டும். தவிடு நீங்காத சிவப்பரிசி நல்லுணவே எனினும், அதன் நார் நொந்த குடலுக்குச் சுமையாகும். இறைச்சி ஒரு பங்கு, சோறு இரண்டு பங்கு என்ற அளவிற் பிசைந்து, இளஞ்சூட்டில் வைக்கவேண்டும். உப்பில்லை, எண்ணெயில்லை, தாளிதமில்லை. தோலும் விதையும் நீக்கி வெறும் நீரில் அவித்து மசித்த பூசணிக்காயில் ஒரு கரண்டி சேர்த்தால், அதன் நார் மலத்தை இறுகச் செய்ய உதவும்.

இவ்வாறு ஆக்கிய முதல் நாளிற் பேரன் முகத்தைச் சுளித்தான்.

"உப்பும் இல்லாமல் இதை எப்படி ஆச்சி சாப்பிடும்?"

"நாக்கும் எங்கடை நாக்கில்லை, வயிறும் எங்கடை வயிறில்லை, மோனை" என்றார் ஆச்சி.

அளவும் கவனிக்கத்தக்கது. வளர்ந்த, சுமார் 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கிராம் சோறும் 150 கிராம் இறைச்சியும் போதுமானவை. இவை ஆக்கிய பின்னுள்ள நிறைகள். முதல் நாளில் இதிற் பாதியே போதும். அதனையும் ஒரேயடியாக வையாமல் நாலைந்து தடவையாகப் பிரித்து வைத்தல் நன்று. நொந்த வயிறு சிறிது சிறிதாகவே சுமையை ஏற்கும். நல்ல தண்ணீர் எந்நேரமும் அருகில் இருக்கவேண்டும். மலம் இறுகி இரண்டொரு நாட்கள் சென்றபின், வழக்கமான உணவை முதலிற் காற்பங்கு, பின்னர் அரைப்பங்கு, அதன்பின் முக்காற் பங்கு என்று ஒரு கிழமை அளவிற் கலந்துகொண்டு வரலாம். சுகம் கண்ட மகிழ்ச்சியில் மறுநாளே பழைய உணவுக்குத் திரும்புவோர், பழைய நோய்க்கும் திரும்புவர்.

அடுப்படியால் ஆகாத நோய்களும் உள. கழிச்சலிலோ வாந்தியிலோ இரத்தம் கண்டால், குடித்த தண்ணீரும் தங்காவிட்டால், வயிறு உப்பி நாய் வீணே ஓங்காளித்தால், முரசு வெளிறினால், ஒரு நாளைக்கு மேல் உணவை மறுத்தால், அந்நேரத்திற் கஞ்சி காய்ச்சிக்கொண்டிராது வைத்தியரை நாடவேண்டும். குட்டிகளின் விடயத்தில் இன்னும் விரைவு வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வரும் கடுங்கழிச்சல், பார்வோ வைரசு நோயாக இருத்தல் கூடும். ஒரு நாட் தாமதமே உயிரைக் கொண்டுபோய்விடும். வீட்டிலுள்ளோருக்கு வாங்கிவைத்த காய்ச்சல் மாத்திரையையும் நோவு மாத்திரையையும் நாய்க்குக் கொடுப்பது பெருந் தவறு. பரசிற்றமோல், இபுபுறோபன் போன்றவை நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லவை.

இனி, அவித்த கோழியும் சோறும் நாய்க்கு ஒத்துக்கொண்டனவே என்று அவற்றையே ஆண்டு முழுவதும் கொடுத்துவரலாமா? ஆகாது. அது நோயாளியின் பத்தியமேயன்றி நிறைவான உணவன்று. எலும்பு நீக்கிய இறைச்சியிற் பொசுபரசு மிகுதி; கல்சியமோ மிகச் சொற்பம். உணவிற் கிடையாத கல்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாளடைவில் எலும்பு நலிவுறும். வளரும் குட்டிக்கு இத்தீங்கு விரைவில் நேரும். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகத்தினர், நாய்களுக்கென எழுதப்பட்ட 200 வீட்டுச் சமையற் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, 95 வீதமானவற்றில் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. அவற்றுட் பல, வைத்தியர்களே எழுதிய குறிப்புகள். ஆகவே, வீட்டுணவையே நிலையாகக் கொடுக்க விரும்புவோர், கல்சியம் முதலிய சத்துக்களை எவ்வளவு சேர்ப்பதென்பதை, நாயின் வயதையும் எடையையும் அறிந்த வைத்தியரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.

பத்தியத்தை விட்டவுடன் மீண்டும் மீண்டும் வயிறு குழம்புமாயின், ஒரு குறிப்பிட்ட புரதம் அந்நாய்க்கு ஒவ்வாதிருக்கலாம். மாட்டிறைச்சி, பால், கோழியிறைச்சி என்பன நாய்களுக்கு அடிக்கடி ஒவ்வாமையை உண்டாக்குவனவாக அறியப்பட்டவை. அந்நிலையில், நாய் முன்னர் உண்டிராத இறைச்சியொன்றையும் மாப்பொருளொன்றையும் மட்டும் எட்டுக் கிழமைகள் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். இக்காலத்தில் விசுக்கோத்துத் துண்டொன்று தவறி உள்ளே போனாலும் சோதனை வீணாகும். சமைப்பவரின் பொறுமை மட்டும் போதாது. வீட்டார் அனைவரும் ஒருமனப்பட வேண்டும்.

வருவோர் போவோரின் அன்பும் சில வேளைகளில் ஆபத்தாகும். பிறந்தநாட் கேக்கின் துண்டொன்றை நாய்க்கு நீட்டாத குழந்தை உண்டோ? அந்தக் கேக்கிலுள்ள உலர்ந்த முந்திரிகை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சொக்கலேற்று அதன் இருதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சர்க்கரையில்லாத இனிப்புகளிற் சேர்க்கப்படும் சைலிட்டோல் நாயின் குருதிவெல்லத்தைத் திடீரெனக் குறைத்துவிடும். இவற்றைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது பெரியோர் கடன்.

அந்த வீட்டிலே இப்பொழுது அடுப்பருகில் ஒரு சிறு பானை தனியாக இருக்கின்றது. வெண்காயம் வெட்டிய கத்தி அதன்பக்கம் போவதில்லை. வீரன் என்ன உண்டது, மலம் எவ்வாறு இருந்தது என்பதைப் பேரன் ஒரு பழைய கொப்பியில் நாள்தோறும் குறித்து வருகின்றான். வைத்தியர் அடுத்தமுறை முதலிற் கேட்பது அந்தக் கொப்பியைத்தான். நாய் வாலாட்டுவதைக் கண்டு மகிழ்வது எளிது. அது சொல்லமாட்டாத நோவை அதன் சட்டியிலும் முரசிலும் மலத்திலும் பார்த்து அறிவதே வளர்ப்பவரின் கடமை. படலையடியில் ஆளரவம் கேட்டு வீரன் மீண்டும் ஓடிச்சென்று குரைத்த அன்று, ஆச்சி வழக்கம்போல அதட்டவில்லை.